கேஸ் மீட்டர் லேபில் இருந்த நாட்களிலும் பெர்மிட்டில் 20.9: எழுதிக் கொடுப்பதா, பேசாமல் இருப்பதா?

எர்ணாவூர்_ஜெனரல்ஷிப்ட் | 11 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். மணலி பக்கம் இரசாயனம் சேமித்துக் கலக்கும் ஒரு கம்பெனியில், கான்ட்ராக்ட் மூலமாக ஆவண உதவியாளராக இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 26. பெர்மிட்டுகளை, அதாவது ஆபத்தான வேலைக்கு முன் கொடுக்கும் அனுமதித் தாள்களை, வரிசைப்படுத்துவது, ஸ்கேன் செய்வது, பில்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது ஆகியவை என் வேலை.

எங்கள் கழிவுநீர்த் தொட்டியிலும் இரண்டு சேமிப்புத் தொட்டிகளிலும் அடியில் படியும் சேற்றை அள்ளுவதற்கு நான்கு கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் உள்ளே இறங்குவார்கள். ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் கேஸ் மீட்டரால் சோதித்து ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு என்று நான்கு கட்டங்களில் எண்களை நிரப்பினால்தான் பெர்மிட் செல்லும். சென்ற வாரம் கிண்டியில் உள்ள, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் தரும் காலிப்ரேஷன் லேபின் பில் என் மேசைக்கு வந்தது. அதனுடன் இருந்த சலானைப் பார்த்தால், எங்களிடம் உள்ள ஒரே மீட்டர் ஜூலை 4 அன்று வெளியே போய் 27 அன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. அதே நாட்களுக்கு உரிய பெர்மிட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 14 இருந்தன. பதினான்கிலும் 20.9, 0, 0, 0 என்று ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பதுதான் என் சிக்கல். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் அண்ணன் ஒருவர்தான் அங்கே சேஃப்டி சூப்பர்வைசர். அப்பா இறந்தபோது காரியம் முடியும்வரை உடன் நின்றவரும், என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. அம்மாவிடம் சொன்னபோது, "யாருக்கும் எதுவும் ஆகவில்லை, உன் கையெழுத்தும் இல்லை, நீ ஏன் தலையை விடுகிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் இதுபோன்ற இடங்களில் வேலை பார்த்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஷிப்ட்_இன்சார்ஜ் | 11 ஆகஸ்ட், இரவு 11.25

தம்பி, குற்றம் நடந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மீட்டர் லேபுக்குப் போகும்போது பக்கத்துக் கம்பெனியில் இரவல் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ எங்கும் உள்ள வழக்கம்தான். பெர்மிட்டில் மீட்டரின் சீரியல் எண் எழுதும் கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்திருந்தால் அதற்கும் ஒரு பில் உங்கள் மேசையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஒரு சலானை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய பிழைப்பில் கை வைக்காதீர்கள். என் கருத்தைக் கேட்டால், இது பெரும்பாலும் எழுத்து வேலையில் உள்ள அலட்சியமாகவே இருக்கும்.

மணலி_ஓய்வு | 12 ஆகஸ்ட், காலை 6.10

முந்தைய நண்பர் முதலில் உண்மையை உறுதி செய்யச் சொன்னது சரியே. ஆனால் அதை எழுத்து வேலை என்று அவர் சொன்னதை ஏற்க என்னால் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியின் ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

20.9 என்பது திறந்த வெளிக் காற்றில் உள்ள ஆக்சிஜனின் விழுக்காடு. மீட்டரை வெளியில் வைத்து ஆன் செய்தால் அது காட்டும் எண் அது. சேறு படிந்த தொட்டிக்குள் மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களில் குழாயை இறக்கிச் சோதித்தால் ஒருமுறை 20.7 வரும், ஒருமுறை 20.4 வரும், அடியில் இன்னும் குறையும். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. பதினான்கு முறையும் அணுவும் பிசகாமல் 20.9 வந்தது என்றால், மீட்டர் இருந்திருந்தாலும் நான் சந்தேகப்படுவேன்.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம் ஆட்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த அளவில் அது உண்மை. ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அமைதியாக இருக்கும் சேற்றை மண்வெட்டியால் கிளறும்போதுதான் அடைபட்டிருந்த வாயு வெளிவரும். முதல் ஆள் விழுவார், தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் ஒரே இடத்தில் இரண்டு, மூன்று பேர் என்று செய்தி வருவதற்கு இதுவே காரணம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, தகுதி பெற்ற ஒருவர் தாமே நடத்திய சோதனையின் அடிப்படையில் எழுத்துமூலம் சான்று அளிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. "தாமே நடத்திய சோதனை" என்ற சொற்கள் காரணமில்லாமல் அங்கே வரவில்லை.

குறளகம்_பக்கம் | 12 ஆகஸ்ட், காலை 9.30

பாரிமுனையில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருக்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. தினமும் கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியதே. மத்திய அரசு நிறுவனமாக இருந்தால் 2004ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் எழுதலாம். அந்தத் தீர்மானம் பிறந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உங்களுடையது தனியார் கம்பெனி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாகவோ, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதாகவோ, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியதாகவோ இருந்தால், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆவது பிரிவின்படி முறையீட்டு ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும்; தக்க நேர்வில் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகவும் அதில் வழி இருக்க வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள்.

தொழிற்சாலைச் சட்டத்தின் 111ஏ பிரிவு, பாதுகாப்புக் குறைபாட்டைத் தொழிலாளர் நேரடியாகவே ஆய்வாளரிடம் முறையிடலாம் என்கிறது. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் போடாமல் எழுதுவதால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. காலிப்ரேஷன் சலானையும் பெர்மிட்டையும் ஒரே மேசையில் பார்க்கும் ஆள் அந்தக் கம்பெனியில் எத்தனை பேர்? உங்கள் பெயர் கடிதத்தில் இல்லாவிட்டாலும் கடிதத்தின் உள்ளடக்கமே உங்கள் பெயரைச் சொல்லிவிடும்.

ஆவணங்களைப் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். கம்பெனி இரகசியத்தை வெளியே கொண்டு போனார் என்று உங்கள் மீதே விசாரணை வைப்பார்கள். பெர்மிட் எண், தேதி, சலான் எண் ஆகியவற்றை மட்டும் உங்கள் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை_24 | 12 ஆகஸ்ட், மதியம் 1.15

இத்தனை பிரிவுகள் எதற்கு? கடந்த டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை நாசமாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வடசென்னையில் எதுவும் வெளியே தெரிந்தால்தான் நடவடிக்கை. தொலைக்காட்சிக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள், மறுநாளே அதிகாரிகள் வந்து நிற்பார்கள்.

குறளகம்_பக்கம் | 12 ஆகஸ்ட், மதியம் 1.50

நீங்கள் சொன்ன இரண்டு நிகழ்வுகளிலும் கடற்கரை முழுவதும் சாட்சியாக இருந்தது. இங்கே ஒரு சலானும் பதினான்கு தாள்களும்தான் சாட்சி, அவையும் கம்பெனியின் அலமாரியில் இருக்கின்றன. செய்தி வெளிவரும் நாளில் அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காசிமேட்டு_மருமகள் | 12 ஆகஸ்ட், இரவு 9.05

எல்லாருடைய பதிலையும் படித்தேன். தம்பியின் வேலை, அந்த அண்ணனின் வேலை, கம்பெனியின் பெயர் என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறீர்கள். உள்ளே இறங்கும் நான்கு பேரைப் பற்றி, அவர்களுக்கு மூச்சு எப்படி நிற்கும் என்பதைத் தவிர யாரும் பேசவில்லை.

என் கணவர் ஒரு ஷெட்டில் பிரஸ் மெஷினில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. உடனே கம்பெனி வண்டியில் ஏற்றித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், வண்டி ஓட்டும்போது விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். செலவு முழுவதும் தங்களுடையது என்றார்கள். நாங்களும் நம்பி அப்படியே சொன்னோம். இரண்டு மாதம் கழித்து கான்ட்ராக்டர் மாறினார், செலவும் நின்றது. இஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போனபோதுதான், வேலையில் ஏற்பட்ட காயமாகப் பதிவாகியிருந்தால் ஊதியத்தில் 90 விழுக்காடு வந்திருக்கும், நிரந்தர ஊனத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைத்திருக்கும் என்று தெரிந்துகொண்டோம். சாதாரண நோயாளியாக 70 விழுக்காடு, அதுவும் 91 நாட்களுக்கு மட்டும் கிடைத்தது.

அன்றைக்கு அந்த ஷெட்டில் விபத்துப் பதிவேட்டை எழுதியவரும் ஒரு நல்ல மனிதர்தான். எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்திருக்கிறார். அவரும் உங்களைப் போலவே யோசித்திருப்பார் தம்பி. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்து எப்போது இறங்கப் போகிறார்கள்?

எர்ணாவூர்_ஜெனரல்ஷிப்ட் | 13 ஆகஸ்ட், இரவு 10.15

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை, அதாவது 16ஆம் தேதி, கழிவுநீர்த் தொட்டிக்கு ஆள் இறங்குவதாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஷிப்ட்_இன்சார்ஜ் அண்ணன் சொன்னபடி பார்த்தேன். பதினான்கு பெர்மிட்டிலும் லேபில் இருந்த அதே மீட்டரின் சீரியல் எண்ணே எழுதப்பட்டிருக்கிறது. வாடகை பில் எதுவும் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மீட்டர் திரும்பி வந்தபோது அதன் ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் ஆயுள் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று லேப் எழுதியிருக்கிறது. மாற்றியதற்கான பில் இல்லை. ஆகவே இப்போது அலுவலகத்தில் இருக்கும் மீட்டரும் அந்த ஒரு வாயுவுக்குப் பயன்படாது.

ஒவ்வொரு பெர்மிட்டின் கீழும் "சரிபார்த்துக் கோப்பில் சேர்த்தவர்" என்ற இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. நான் எதையும் சரிபார்த்ததில்லை. கட்டங்கள் நிரம்பியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்று தெரியவில்லை.

மணலி_ஓய்வு | 14 ஆகஸ்ட், காலை 5.50

தம்பி, நான் நேரடியாகப் பார்த்த விபத்துகளில் போலீஸ் வந்ததும் முதலில் கேட்டது பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைத்தான். சூப்பர்வைசரும் கான்ட்ராக்டரும் அன்று இரவே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். மீட்டர் வாங்கப் பணம் ஒதுக்காதவர் மறுநாள் இரங்கல் தெரிவித்துக்கொண்டிருப்பார். உங்கள் அண்ணனுக்கு நன்றி காட்ட வேண்டும் என்றால், அந்தக் கையெழுத்து வெள்ளிக்கிழமை இன்னொரு தாளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை நடக்கப் போவதை நிறுத்துவது ஒன்று. ஜூலையில் நடந்ததற்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. முதலாவதற்கு விசாரணையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். "சென்சார் வேலை செய்யவில்லை என்று லேப் எழுதியிருக்கிறது, மீட்டர் வரும்வரை பெர்மிட் கொடுக்க முடியாது" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். அதை எழுத வேண்டியவர் அவர். நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஷிப்ட்_இன்சார்ஜ் | 14 ஆகஸ்ட், காலை 8.20

சீரியல் எண்ணைப் படித்த பிறகு என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஐயா சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முன்கூட்டியே அவரிடம் சொன்னால், அவர் பயந்துபோய்ப் பழைய பெர்மிட்டுகளை மாற்றி எழுதிவிட்டால்? அதன் பிறகு தம்பியின் பேச்சு வெறும் பேச்சாகிவிடும்.

குறளகம்_பக்கம் | 14 ஆகஸ்ட், காலை 9.45

பெர்மிட்டை மாற்றலாம். கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் திரும்பி வரும் பொருள்களுக்கான கேட் பாஸ் பதிவேட்டையும், லேபில் உள்ள சலான் நகலையும், கணக்குப் பிரிவுக்குப் போய்விட்ட பில்லையும் ஒரு சூப்பர்வைசரால் மாற்ற முடியாது. மேலும், ஸ்கேன் செய்யப்பட்டவை ஏற்கெனவே சர்வரில் இருக்கின்றன அல்லவா? அந்த வேலையைச் செய்தவர் நம் நண்பரே.

அவரிடம் போவதாக இருந்தால் தொலைபேசியில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள். மிரட்டினான் என்று பின்னால் திரிப்பதற்கு அது இடம் கொடுக்கும்.

எர்ணாவூர்_ஜெனரல்ஷிப்ட் | 15 ஆகஸ்ட், இரவு 11.30

இன்று விடுமுறை என்பதால் மாலையில் அவரைத் திருவொற்றியூர் தேரடிக்கு வரச் சொல்லிப் பேசினேன். சுற்றி வளைக்காமல் சலான் தேதிகளைச் சொன்னேன். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "உனக்கு எப்போது தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் மாதமே வாடகை மீட்டருக்கு இருமுறை மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். ஒன்றுக்குப் பதில் இல்லை, மற்றொன்றுக்கு "சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் புளோயரை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, தாமே மேன்ஹோலில் தலையை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆட்களை இறக்கியதாகச் சொன்னார். மூக்கு மரத்துப்போவதைப் பற்றி ஐயா எழுதியிருந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

வெள்ளிக்கிழமைப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு, என் எதிரிலேயே பிளான்ட் மேலாளருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஜூலையைப் பற்றி எழுத மறுத்துவிட்டார். "இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதை மட்டும் விட்டுவிடு" என்றார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

தண்டையார்பேட்டை_24 | 16 ஆகஸ்ட், காலை 7.40

இதோடு விட்டுவிடலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. நடந்தது நடந்துவிட்டது, ஆள் திருந்திவிட்டார். அன்று தொலைக்காட்சிக்குப் போகச் சொன்னவன் நானே என்று சிரிக்காதீர்கள்.

காசிமேட்டு_மருமகள் | 16 ஆகஸ்ட், காலை 8.30

அவர் திருந்தினார் என்றே வைத்துக்கொள்வோம். "சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியவர் திருந்தினாரா? ஜூலையைப் பற்றி யாரும் எழுதாவிட்டால், அடுத்த மீட்டர் பழுதாகும்போது அதே நாற்காலியிலிருந்து அதே பதில்தான் வரும். எழுதும்போது அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் சேர்த்து எழுதினால் அண்ணனுக்கும் அது பாதுகாப்பு. தனியாக மாட்டிக்கொள்வதைவிட அது மேல் அல்லவா?

மணலி_ஓய்வு | 16 ஆகஸ்ட், காலை 10.05

சகோதரி சொன்னதை வழிமொழிகிறேன். போபாலில் 1984இன் நச்சுவாயுப் பேரழிவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1981 டிசம்பரில், அதே ஆலையில் ஒரு தொழிலாளி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவால் இறந்தார். தொழிற்சங்கம் எழுதியது, பத்திரிகையாளர் ஒருவரும் எழுதினார். எழுதியும் அப்படி முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பின்னால் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த திருத்தங்களில் உள்ளதுதான், உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்ற 41எச் பிரிவு. நீங்கள் நிற்பதற்கு இன்று கிடைத்திருக்கும் தரை அது. எழுதினால் விலை இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒருமுறை நான் எழுதினேன், ஓராண்டு இரவு ஷிப்ட் கிடைத்தது. உங்கள் கான்ட்ராக்ட் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, அம்மாவிடம் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எர்ணாவூர்_ஜெனரல்ஷிப்ட் | 21 ஆகஸ்ட், இரவு 9.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்திவைத்தார்கள். மேலாளர் கூச்சலிட்டார் என்று கேள்வி. திங்கட்கிழமை வாடகை மீட்டர் வந்தது.

எங்கள் கம்பெனி பட்டியலிடப்பட்டது என்பதால் முறையீட்டுக் கொள்கை இணையதளத்தில் இருந்தது; கான்ட்ராக்டர்களின் ஆட்களும் எழுதலாம் என்று அதில் போட்டிருக்கிறார்கள். தணிக்கைக் குழுத் தலைவருக்குப் பெயர் போட்டு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் நேற்று அனுப்பினேன். சலான் எண், பதினான்கு பெர்மிட் எண்கள், ஜூன் மாதம் மீட்டர் கேட்டு மின்னஞ்சல் போயிருக்கிறது என்ற விவரம், என் சுருக்கொப்பம் அவற்றில் இருக்கிறது என்பது ஆகிய அனைத்தையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்தில் என்னோடு நிற்பதில்லை. என் கான்ட்ராக்ட் செப்டம்பர் 30 அன்று முடிகிறது.

காசிமேட்டு_மருமகள் | 21 ஆகஸ்ட், இரவு 10.20

அந்த நான்கு பேருக்கும் இது தெரியுமா தம்பி?

எர்ணாவூர்_ஜெனரல்ஷிப்ட் | 21 ஆகஸ்ட், இரவு 10.45

ஜூலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை அக்கா. கடிதத்துக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுவேன். நேற்று மீட்டரை அவர்கள் கண்ணெதிரே தொட்டிக்குள் இறக்கினார்கள். அடி மட்டத்தில் ஆக்சிஜன் 20.3, ஹைட்ரஜன் சல்ஃபைடு 6 என்று வந்ததை அண்ணன் உரக்கப் படிக்க, நான் பெர்மிட்டில் எழுதினேன். மீண்டும் புளோயர் ஓட்டி, மறுபடியும் சோதித்த பிறகே இறங்கினார்கள். நால்வரில் மூத்தவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு எண் மாறியிருக்கிறதே என்றார். இத்தனை நாளும் 20.9 என்பது அந்தத் தாளில் அச்சடித்தே வருவது என்று நினைத்திருந்தாராம்.